மார்ச்சில் வெட்டிய நாற்பத்திரண்டு செடிகள்

இந்த மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றபோது பவித்ரா எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த தோட்டக்காரி அவள். சொந்த ஊர் கோயம்புத்தூர், வீடு வெரிபீயில். அங்கிருந்து மெல்பேர்னைக் குறுக்கே கடந்து, கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தினமும் கார் ஓட்டி வருகிறவள். அதனால் எந்த வேலையையும் வந்த கையோடு முடிக்கவேண்டும் அவளுக்கு.

"ஆன்ட்டி, ஆப்ல இன்னைக்கு வேலை வந்துருக்கு. டாக்வுட் எல்லாத்தையும் தரையோட வெட்டணுமாம். கத்தரியோட நிக்கிறேன். எவ்ளோ உயரம் விடணும்?"

மா அப்பிய கையோடு போனைக் காதில் அழுத்தினேன். "வெட்டிப்போட்டியோ?"

"இன்னும் இல்ல."

"கத்தரியைக் கீழ வை!"

"ஏன் ஆன்ட்டி இப்படிக் கத்துறீங்க?"

கத்தினேன்தான். பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இவர், என் வீட்டுக்காரர், ஓடி வந்து அடுப்பைப் பார்த்தார். இப்போது அந்த இல்லத்தில் எல்லாத் தோட்ட வேலைக்கும் கைபேசியில்தான் உத்தரவு வருகிறதாம். அந்தச் செயலி மார்ச்சில் குளிர் முடிகிற ஏதோ ஒரு நாட்டில் செய்தது. இங்கே மார்ச்சில் கோடை இன்னும் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"வெட்டினா என்னதான் ஆயிரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மெல்பேர்னில் கிடையாது. நான் மார்ச்சில் நாற்பத்திரண்டு செடிகளை வெட்டியவள். முழுக்கதையையும் போனில் சொல்ல முடியாது, புட்டு மா காய்ந்துவிடும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது; அவளுக்கென்று தொடங்கியது எல்லாருக்குமாக நீண்டு, முடிக்கக் குளிர்காலமாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: இதில் வருகிற வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் ஞாபகத்தில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள். அது என் குற்றம், அவர்கள் குற்றமில்லை.

நான் ஊரில் கணித ஆசிரியை. இங்கே வந்ததும் அந்தக் கணிதத்தை யாரும் கேட்கவில்லை. அந்த முதியோர் இல்லத்தின் குசினியில் ஒன்றரை வருடம் மரக்கறி வெட்டினேன். தோல், காம்பு எல்லாவற்றையும் பின்னால் உரக்குவியலில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். மற்றவர்கள் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் முட்டைக்கோதை நொறுக்கி, தேயிலைச் சக்கையைத் தனியாகத் தூவி, மேலே காய்ந்த இலை போட்டு மூடுவேன். ஒரு நாள் தலைமைத் தோட்டக்காரர் கொலின் அங்கே நின்று பார்த்திருக்கிறார். "உமக்குக் குசினி பிடிக்குமோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மாலை வகுப்பில் தோட்டக்கலைச் சான்றிதழ் ஒன்று படித்து முடித்தேன், ஆறு மாதம் பழகுநராக எடுத்தார்கள்.

கொலினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆறடிக்கு மேல் உயரம், ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அவரிடம் ஒரு மடக்குக் கதிரை இருந்தது, பச்சைத் துணி போட்டது. எந்தச் செடியை எங்கே வைப்பதென்றாலும் முதலில் அந்தக் கதிரையைச் சாப்பாட்டு மண்டபத்து யன்னல் ஓரம், உள்ளே இருக்கும் முதியவர்கள் உட்காரும் உயரத்துக்கு நேரே விரிப்பார். உட்காருவார். தொப்பியை மடியில் வைப்பார். ஐந்து நிமிடம் பார்ப்பார். "நிண்டு பாக்கிறவை ஆரும் இஞ்ச இல்லை" என்பார். "எல்லாரும் இருந்துதான் பாக்கினம்." பிறகு எழும்பிப்போய்க் குச்சியை ஒரு சாண் தள்ளி நடுவார், திரும்ப வந்து உட்காருவார். ஒரு செடி நட அரை நாள் போகும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்த மனிசன் சம்பளம் வாங்குவது உட்காருவதற்கோ என்று வீட்டில் வந்து முணுமுணுத்திருக்கிறேன்.

அவர் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து செய்ததுதான் டாக்வுட் பாத்தி. டாக்வுட் என்பது இடுப்பளவு உயரப் புதர். கோடையில் அதைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. பச்சை இலை, சின்ன வெள்ளைப் பூ, அவ்வளவுதான். மே மாதம் இலை முழுக்கக் கொட்டும். அதன்பிறகுதான் அது யாரென்று காட்டும். தண்டெல்லாம் குங்குமச் சிவப்பு. இன்னொரு வகை எலுமிச்சை மஞ்சள். மெல்பேர்ன் குளிர்காலத்தில், வானமும் தரையும் ஒரே சாம்பலாக இருக்கிற ஜூலையில், பூவும் இலையும் இல்லாமல் வெறும் தண்டாலேயே ஒரு தோட்டத்தைக் கொளுத்துகிற செடி அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த வருடம் முளைத்த இளந்தண்டில் மட்டும்தான் அந்த நிறம். வயது போனால் தண்டு மண் நிறமாகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, குளிர் முடிந்து மொட்டு விரிவதற்கு முன், எல்லாவற்றையும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் வெட்டவேண்டும். கோடை முழுக்க அது புதுத் தண்டு விடும், குளிர் வரும்போது அந்தத் தண்டு சிவக்கும்.

பாத்தியில் முப்பது சிவப்பு, பன்னிரண்டு மஞ்சள். பின்னால் கரும்பச்சைக் கமேலியா வேலி. கொலின் அவற்றை நட்டு இரண்டு வருடம் வேர் பிடிக்க விட்டிருந்தார். அந்தச் சமயத்தில் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு யோசனை வந்தது. குளிர்காலத்தில் அந்த இடம் வெறும் சேறு, யாருக்கும் பயனில்லை, கார் நிறுத்துமிடமாக்கிவிடலாம் என்று. கொலின் கூட்டத்துக்குப் போனார். வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்: "இன்னொரு குளிர்காலம் தாங்கோ. ஜூலையில வந்து இருந்து பாருங்கோ. பிடிக்காட்டி நானே தார் ஊத்துறன்." குழு ஒத்துக்கொண்டது. ஜூலை இரண்டாம் வாரம் வருவதாக எழுதிக் கொடுத்தார்கள்.

குழு ஜூலையில் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெட்டினேன்.

மார்ச் மாதம் கொலின் இரண்டு வாரம் லீவில் போனார். போகுமுன் கருவிகள் வைக்கும் கொட்டில் கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்: "இரண்டு வாரம் லீவு. செய்ய வேண்டியதைச் செய்யவும். சந்தேகமென்றால் தட்டில் புத்தகம் இருக்கிறது." முதல்முறையாகத் தோட்டம் முழுக்க என் பொறுப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் திரும்பி வரும்போது செய்யாத வேலை என்று ஒன்றும் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். முதல் வாரம் கண்டதையெல்லாம் செய்து முடித்தேன். இரண்டாம் வாரம் செய்ய ஒன்றுமில்லாமல் புத்தகத்தை எடுத்தேன்.

மண் ஒட்டிய, முதுகு கிழிந்த தடித்த புத்தகம். எங்கள் ஆட்கள் பாடப்புத்தகத்தை எப்படிப் படிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். முகவுரை, முன்னுரை எல்லாம் பரீட்சைக்கு வராது. நேரே பின்னால் போய் அகரவரிசையில் விரலை வைத்து, பக்கத்தைப் பிடித்து, விடையை எடுத்துவிடுவோம். நானும் அப்படித்தான். டாக்வுட், பக்கம் இருநூற்றுப் பதினான்கு. "நிறத் தண்டுகளுக்கு: மார்ச்சில் தரைமட்டமாக வெட்டவும்." நாட்காட்டியைப் பார்த்தேன். மார்ச். அட, சரியான நேரத்தில் பார்த்திருக்கிறேனே என்று எனக்கே என் கெட்டித்தனத்தில் பெருமை.

செவ்வாய் காலை தொடங்கிப் புதன் மத்தியானம் முடித்தேன். ஒழுங்காகத்தான் வெட்டினேன், அதில் குறை சொல்ல ஏலாது. டாக்வுட்டின் மொட்டுகள் இரண்டிரண்டாக நேருக்கு நேர் இருக்கும், அதனால் சரித்து வெட்டாமல் நேராக வெட்டவேண்டும். ஒவ்வொரு தண்டுக்கும் நாலு விரல் வைத்து அளந்து வெட்டினேன். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஒருமுறை துடைத்தேன். இலையோடு கிடந்த தண்டுகளைக் குவித்துவிட்டு நிமிர்ந்தபோது பாத்தி மொட்டைத் தலை மாதிரி அவ்வளவு துப்புரவாக இருந்தது.

அப்போது ஒரு யன்னல் திறந்தது. டொரீன். பாத்தியைப் பார்த்த அறையில் இருந்தவர், எண்பத்தாறு வயது, இங்கிலாந்தில் பிறந்தவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். தடிமன் காய்ச்சலால் இரண்டு நாள் திரையை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"பிள்ளை, என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"வெட்டினனான் டொரீன். மார்ச் மாதம் வெட்ட வேணும். புத்தகத்தில இருக்கு."

"எந்த ஊர்ப் புத்தகம்?"

எடுத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் அச்சடித்தது.

"நான் அங்க பிறந்து வளந்தனான்" என்றார் டொரீன். "அங்க மார்ச் எண்டால் குளிர் முடியிற மாதம். இஞ்ச என்ன முடியுது பிள்ளை?"

எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றினேன். தலைக்குமேல் வெயில். இங்கே முடிவது கோடை. நான் வெட்டியது கோடை முழுக்க வளர்ந்த தண்டுகளை, ஜூலையில் சிவக்கவேண்டிய அதே தண்டுகளை. இனி அடிக்கட்டையிலிருந்து நாலு இலை முளைத்தாலும் ஜூன் பனியில் கருகிவிடும். ஜூலை இரண்டாம் வாரம் குழு வந்து கதிரையில் உட்கார்ந்து பார்க்கும்போது அங்கே சேறுதான் இருக்கும், அவர்கள் சொன்ன அதே சேறு.

ஊரில் நான் படித்த காலத்திலும் படிப்பித்த காலத்திலும் மார்ச் என்றால் மார்ச்தான், ஜூலை என்றால் ஜூலைதான். மாதத்துக்கும் இடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யோசிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குப் பாத்தியின் கரையில் இருந்து அழுதேன். டொரீன் யன்னலால் ஒரு பெட்டி கைக்குட்டைத் தாளை எறிந்தார். அது நேரே என் தலையில் விழுந்தது.

தண்டுகளை எறிய மனம் வரவில்லை. கையில் கிடைத்த வாளிகளில் எல்லாம் தண்ணீர் நிறைத்து அவற்றை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"இஞ்சாருங்கோ, என்ர வேலை போச்சு" என்றேன் வாசலிலேயே.

"ஏன், ஆரையும் அடிச்சுப்போட்டீரோ?" என்றார் இவர்.

சொன்னேன். மனிசன் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வேலை போனாலும் பரவாயில்லை, கொலின் தன் வாழ்க்கையில் ஒருமுறை வாய் திறந்து கேட்ட ஒரு குளிர்காலத்தை நான் வெட்டி வாளிக்குள் வைத்திருக்கிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்தத்தான், பகிடியாக ஒன்று சொன்னார்:

"தடியெல்லாம் தண்ணிக்குள்ளதானே நிக்குது? பிறகென்ன, கதியால் போடும்."

கதியால் என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளையான பவித்ராவுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வேலியைக் கட்டுவதில்லை, நடுவோம். கிளுவை, பூவரசு என்று எதையாவது ஆளுயரத்துக்கு வெட்டி, வரிசையாக நெருக்கி மண்ணில் குத்திவிடுவோம். அது வேர்விட்டு வேலியாகும். அந்தத் தடிக்குத்தான் கதியால் என்று பெயர். அதை யாரும் ஒரு வித்தை என்று நினைத்ததில்லை. சான்றிதழ் வகுப்பில் இதே வேலையைச் சின்னச் சின்னச் சட்டிகளில், விரல் நீளக் குச்சிகளில் செய்யப் பழக்கினார்கள். ஆளுயரத்தில் செய்யலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தேன். "அலவாங்கு எங்க?" என்றேன், கடப்பாரையைத்தான்.

வியாழன், வெள்ளி தனியாகவும், சனிக்கிழமை இவரோடும் செய்தேன். நேரான தண்டுகளாக முந்நூற்று இருபது தேறியது. இலை முழுவதையும் உருவினேன், இல்லாவிட்டால் அது தண்டில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். அடியைக் கணுவுக்குக் கீழே நேராக வெட்டினேன். நுனியைச் சரிவாக வெட்டினேன், எது தலை எது கால் என்று குழம்பாமல் இருக்க. தலைகீழாக நட்ட தடி முளைக்காது. பாத்தியின் தாழ்ந்த பக்கத்தில், கூரைத் தண்ணீர் வடிந்து களிமண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், அடிக்கட்டைகளுக்கு நடுவே அலவாங்கால் முழங்கை ஆழத்துக்குக் குத்தினார் இவர். நான் தடியை இறக்கி, மண் தள்ளி, காலால் மிதித்தேன். மிதிக்கும்போது உள்ளே காற்று நிற்கக்கூடாது. கடைசியாக நிழல்வலையைக் கம்பு நட்டுக் கட்டினோம். டொரீன் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்த மூலையில ஒண்டு கோணல்" என்று மேற்பார்வை செய்தார். இவர் அவருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அன்றிலிருந்து டொரீனுக்கு இவர் மேல் ஒரு கண்.

திங்கட்கிழமை கொலின் வந்தார். நேரே கொட்டிலுக்குள் போனார், கதிரையோடு வெளியே வந்தார். விரித்தார். உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்தார். நான் முன்னால் போய் நின்று, இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். புத்தகம், மார்ச், நாற்பத்திரண்டு, டொரீன், கதியால். கடைசியில், "நான் வேலையை விட்டுப்போறன்" என்றேன்.

"மறைக்கிறீர்" என்றார் கொலின்.

"இல்லை, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ஒண்டையும் மறைக்கேல்லை."

"பாத்தியை மறைக்கிறீர். தள்ளி நில்லும்."

தள்ளி நின்றேன். ஐந்து நிமிடம் பார்த்தார். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிடம் கிடையாது. எழும்பிப் போய் ஒரு தடியைப் பிடித்து மெல்ல ஆட்டினார். ஆடவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித் தண்டைத் துடைத்துப் பார்த்தார், பச்சை. "எல்லாம் தலை மேல, கால் கீழயோ?"

"எல்லாம்."

"அப்ப தண்ணி விடுவம்" என்றார்.

பிறகு கொட்டிலுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கம் இருநூற்றுப் பதினான்கைத் திறக்காமல் முன் அட்டையைத் திறந்தார். உள்பக்கத்தில், பழைய நீல மையில், அவருடைய கையெழுத்தில், பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "எல்லா மாதத்துக்கும் ஆறைக் கூட்டு. மறக்காதே, மடையா."

மடையா என்றது என்னையல்ல. நான் அங்கே வருவதற்குப் பல வருடம் முன்பு, இளந்தாரிக் கொலின் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. "நான் வெட்டினது ரோசா" என்றார் மெல்ல. "அறுபது." அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொல்லவேயில்லை. மூன்றோடு ஆறைக் கூட்டினால் ஒன்பது, செப்டம்பர். பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். வெட்கத்திலும் நிம்மதியிலும் சிரிப்பு வந்துவிட்டது. கொலினும் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

அதன்பிறகு காத்திருப்புத்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு தடியையும் நகத்தால் சின்னதாகச் சுரண்டுவேன். உள்ளே பச்சையென்றால் உயிர், மண்ணிறமென்றால் பிடுங்கவேண்டும். ஏப்ரல் முடிவில் நூறு போய்விட்டது. மே முடிவில் இன்னும் நாற்பது. மிச்சம் நூற்றெண்பது நின்றது, அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டமாக, ஒழுங்கில்லாமல். எனக்கு அது மனவருத்தம். வரிசையாக நட்டவள் அல்லவா? கொலின் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "நான் நட்டதைவிட வடிவு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிற ஆளில்லை அவர், ஆனாலும் நான் நம்பவில்லை. ஏனென்றால் உயிர் இருந்ததே தவிர நிறம் இல்லை. ஜூன் பிறந்தபிறகும் எல்லாம் பாசி பிடித்த ஒரு பச்சை. வேரில்லாத தடிக்கு நிறம் வருமா என்று கொலினிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். அந்த மனிதர் தெரியாது என்று சொன்னால் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஜூன் மூன்றாம் வாரம் நல்ல பனி விழுந்தது. மூன்று நாள் காலையில் புல் வெள்ளையாகக் கிடந்தது. நாலாம் நாள் நான் காரை நிறுத்துமுன்பே டொரீன் யன்னல் கண்ணாடியில் தன் ஊன்றுகோலால் தட்டிக்கொண்டிருந்தார். உடைத்துவிடுவார் என்று ஓடினேன்.

"எங்க பாக்கிறீர்? என்னை என்ன பாக்கிறீர்? அங்க பாரும்!"

திரும்பினேன். வெயில் படுகிற பக்கத்தில், நுனியிலிருந்து கீழ்நோக்கி, தடிகள் சிவந்திருந்தன. முழுச் சிவப்பில்லை, வெற்றிலை போட்ட உதடு அளவு. ஆனால் சிவப்பு. நான் அந்தக் குளிரில் பாத்தியைச் சுற்றி ஓடினேன். வெட்கமில்லாமல் ஓடினேன். சமையல்காரிகள் எல்லாரும் குசினி வாசலில் வந்து நின்று கை தட்டினார்கள், எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

குழு வந்த அன்று காலையிலிருந்து மழை. இருட்டு. கொலின் கமேலியா வேலியையும் வானத்தையும் பார்த்தார். நல்ல மாலை வெயிலில் பார்த்தால்தான் அந்தத் தண்டு எரியும் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து பேர் வந்தார்கள், நனைந்த குடைகளோடு. தலைவி ஒரு நெட்டையான பெண், கையில் கார் நிறுத்துமிடத்தின் வரைபடம் சுருட்டியபடி. கொலின் சாப்பாட்டு மண்டபத்துக்குள்ளேயே, யன்னலுக்கு முன்னால் தன் கதிரையை விரித்தார். "ஒவ்வொருத்தரா இருங்கோ" என்றார். ஐந்து பெரிய மனிதர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நின்று, ஒருவர் எழும்ப ஒருவர் உட்கார்ந்தார்கள்.

வெயில் வரவேயில்லை. தேவைப்படவும் இல்லை. மழையில் நனைந்த தண்டு எண்ணெய் பூசியதுபோலப் பளபளத்தது. பின்னால் கமேலியா கறுப்பாக நின்றது, முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றெண்பது கோடுகள். அந்த இருட்டு நாளில் பக்கத்தில் வேறு நிறமே இல்லை. மற்ற நாலு பேரும் எழும்பியதும் தலைவி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

டொரீன் தான் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "காலமை எழும்பினதும் நான் முதல் பாக்கிறது இதைத்தான்" என்றார். "நீங்கள் கார் விட்டால் எந்தக் காரைப் பாக்கச் சொல்லுறீங்கள்? நிறத்தையும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

தலைவி சிரித்தார். வரைபடத்தை மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். பிறகு கொலினைப் பார்த்து, "இப்படி நெருக்கி நடுகிறதை நான் எங்கேயும் கண்டதில்லை. இந்த முறைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

கொலின் என்னைப் பார்த்தார். தன் வாழ்நாள் வேலைக்குக் கிடைத்த கேள்வியை அப்படியே என் கையில் தந்தார்.

"கதியால்" என்றேன்.

கார் நிறுத்துமிடம் சலவைக் கட்டிடத்துக்குப் பின்னால் போனது. அடுத்த வாரமே கொலின் ஒரு மரப்பலகையில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாத்தியில் நட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது. இல்லத்தில் எல்லாரும் அதைக் "கட்டியல்" என்கிறார்கள். நான் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

கதை இதோடு முடியவில்லை. ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை கொட்டிலைத் திறந்தால் கொலினைக் காணவில்லை. கத்தரி தீட்டித் துடைத்து மேசையில் இருந்தது, பக்கத்தில் புத்தகம். கதவில் துண்டுக் காகிதம். "இரண்டு வாரம் லீவு. செய்ய வேண்டியதைச் செய்யவும். சந்தேகமென்றால் தட்டில் புத்தகம் இருக்கிறது." மார்ச்சில் எழுதிய அதே வசனம், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அந்த மனிதர் செப்டம்பரில் ஒருநாளும் லீவு எடுக்காதவர். தோட்டத்தில் வேலை குவிகிற மாதம் அது.

முதல் நாள் தொடக்கூட இல்லை. கதிரையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கத்தரியை எடுத்தேன். பழைய அடிக்கட்டைகள் நாற்பத்திரண்டும் உயிரோடு இருந்தன, கணுவில் மொட்டுக் குத்தத் தொடங்கியிருந்தது. பனியில் கருகிய குறுந்தளிரை நீக்கினேன். வேர்விட்ட நூற்றெண்பதையும் நாலு விரல் அளந்து, நேராக, ஒவ்வொன்றாக வெட்டினேன். மத்தியானம் யன்னல் திறந்தது.

"பிள்ளை, இப்ப சரியோ?"

"ஓம் டொரீன். இப்ப சரி."

அந்தக் கோடையில் பாத்தி இடுப்புக்கு மேல் வளர்ந்தது. டொரீன் அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் அந்த யன்னலில் இருந்து பார்த்தார். நான் இருபது செப்டம்பர்கள் வெட்டினேன்.

பவித்ரா நேற்றுத் திரும்பவும் போன் எடுத்தாள். ஆப்பில் அந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டாளாம், பாத்தி இப்போது பார்க்கப் பார்க்கச் சிவக்கிறதாம். "செப்டம்பர்ல வெட்டும்போது நீங்க ஒரு நாள் வந்து பக்கத்துல நில்லுங்க ஆன்ட்டி. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

புத்தகம் கொட்டில் தட்டில்தான் இருக்கிறது, முதல் அட்டையைத் திறந்து பார் என்றேன். மற்றபடி, செப்டம்பரில் என்னால் வர ஏலாது. எனக்கு இரண்டு வாரம் லீவு.